புயலுக்கு ஷட்டரைத் திறந்து வைக்கலாமா?

கேள்வி: ஐயா, கடலூரில் என் மாமனார் காலத்திலிருந்து ஜவுளிக் கடை நடத்தி வருகிறோம். முன்பக்கம் வடக்குப் பார்த்துக் கண்ணாடி வைத்த கடை, மேலே கான்கிரீட் தளம். அதை ஒட்டிப் பின்னால் 40க்கு 80 அடியில் ஷீட் போட்ட குடோன். கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என 20 அடி அகலம், 12 அடி உயரத்தில் இரண்டு ஷட்டர்கள். ‘தானே’ புயலில் கூரை முழுக்கப் போய்விட்டது. மறு வருஷமே புது ஷீட் போட்டோம். 2024 ஃபெஞ்சலில் ஒன்றும் ஆகவில்லை, இனிப் பயமே இல்லை என்கிறார் ஷீட் போட்டவர். புயல் வந்தால் காற்று அடிக்காத பக்கத்து ஷட்டரைத் திறந்து விட்டுவிட வேண்டும், காற்று புகுந்து வெளியேறிவிடும், கூரை தப்பும் என்கிறார் என் கொழுந்தனார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஷீட் மேல் மணல் மூட்டை அடுக்குகிறார்கள். இந்த வருஷம் மூன்று லட்சம் வரை ஒதுக்க முடியும். எதில் கை வைப்பது?
– ஒரு வாசகி, கடலூர்

அன்புள்ள சகோதரிக்கு,

ஷட்டரைத் திறந்து விடாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு. இந்த ஒன்றை முதலில் சொல்லிவிட்டால்தான் எனக்கு மனசு ஆறும். ஏனென்றால், இந்த யோசனையைக் கேட்டுக் கூரையை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கொழுந்தனார் சொல்வதில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. அதனால்தான் கடற்கரை ஊர்களில் இது இத்தனை பேர் வாயில் நிலைத்திருக்கிறது. காற்று கூரையை மேலிருந்து அழுத்தும் என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. சரிவு குறைந்த கூரையின் மேல் வேகமாக ஓடும் காற்று அதை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. காற்று அடிக்கிற பக்கம் நன்றாக மூடியிருந்து, எதிர்ப்பக்கம் மட்டும் திறந்திருந்தால், உள்ளே இருக்கிற காற்றும் வெளியே இழுபடும். அப்போது கூரைக்குச் சற்று நிம்மதிதான். ஆனால் புயல் ஒரே திசையில் நின்று வீசுகிற காற்று அல்ல. இன்று மாலை எதிர்ப்பக்கமாக இருந்த ஷட்டர், நள்ளிரவில் காற்று நேராக மோதுகிற ஷட்டராக மாறிவிடும். அப்போது அதை இழுத்து மூட யாராலும் முடியாது.

நம் பக்கத்துப் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழன்றபடி கிழக்கிலிருந்து வருகிறது. அதனால் முதலில் உங்களுக்கு வாடைதான், அதாவது வடக்குக் காற்றுதான் அடிக்கும். பிறகு நடப்பது, அது எங்கே கரை ஏறுகிறது என்பதைப் பொறுத்தது. கடலூருக்குத் தெற்கே ஏறினால் காற்று வாடையிலிருந்து கொண்டலுக்கு, அதாவது கிழக்குக் காற்றுக்குத் திரும்பும், கடல் பக்கத்து ஷட்டர் அடி வாங்கும். வடக்கே ஏறினால் மேல்காற்றாகத் திரும்பி மேற்கு ஷட்டரைப் பிடிக்கும். நேர் மேலே கடந்தால் நடுவில் ஓர் அமைதி வரும். 2016 டிசம்பர் 12 அன்று ‘வர்தா’வின் கண் சென்னையைக் கடந்தபோது அப்படித்தான் காற்று சட்டென்று ஓய்ந்தது, பிறகு எதிர்த்திசையிலிருந்து அடித்தது. கரை ஏறும் இடமோ கடைசி நேரம் வரை மாறக்கூடியது. ஆகவே எந்த ஷட்டரைத் திறப்பது என்று ஊகித்து வைக்கிற ஆட்டத்துக்கே போகாதீர்கள். எல்லாப் பக்கமும் மூடியிருக்க வேண்டும், மூடியது மூடியபடியே நிற்கவும் வேண்டும். இந்த இரண்டாவது விஷயத்தில்தான் உங்கள் மூன்று லட்சத்துக்கு வேலை.

கொஞ்சம் கணக்கு பார்ப்போம். காற்றுச் சுமைக்குப் பொறியாளர்கள் நாங்கள் பின்பற்றுவது ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதியின் மூன்றாம் பகுதி, 2015-இல் திருத்தியது. அதில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. வேகத்துக்குக் கட்ட வேண்டும் என்று இருக்கிறது. கடலூருக்கும் நான் அதையே வைத்துத்தான் கணக்குப் போடுவேன். அந்த வேகத்தில் காற்று ஒரு சதுர மீட்டருக்கு, நம் அளவில் பத்தே முக்கால் சதுர அடிக்கு, ஏறத்தாழ 150 கிலோ விசையைத் தரும். வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும்.

இதை வைத்து ஷீட் போட்டவருக்குப் பதில் சொல்லலாம். ஃபெஞ்சல் கரை ஏறியபோது மணிக்கு 70 முதல் 80 கி.மீ., வீச்சில் 90 கி.மீ. வரை என்றது வானிலைத் துறை. உங்கள் கூரை தாங்க வேண்டியது அதைப் போல இரு மடங்கு வேகத்தை, அதாவது நான்கு மடங்கு விசையை. ஃபெஞ்சலில் தப்பியதால் கூரை உறுதியானது என்று ஆகிவிடாது. அது இன்னும் பரீட்சைக்கே உட்காரவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை ஏறிய ‘தானே’தான் உங்கள் பக்கத்துக்கு உண்மையான பரீட்சை. அதில் என்ன ஆனது என்பது உங்களுக்கே தெரியும்.

இப்போது கூரைக்கு வருகிறேன். எல்லாம் மூடியிருந்தால் கூரையை மேலே இழுக்கிற விசை, பொதுவான இடங்களில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. காற்று அடிக்கிற பக்கத்து ஷட்டர் பிய்த்துக்கொண்டு போனால், உள்ளே புகுந்த காற்று கீழிருந்து தள்ளும், வெளிக்காற்று மேலிருந்து இழுக்கும், இரண்டும் கூடி 225 கிலோவுக்குப் போய்விடும். ஒரே நொடியில் ஒன்றரை மடங்கு. ஷீட், அதைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களான பர்லின், அவற்றைத் தாங்கும் முக்கோணச் சட்டமான ட்ரஸ் எல்லாம் சேர்த்தாலும் கூரையின் சொந்த எடை அதே சதுர மீட்டருக்கு 15, 20 கிலோவைத் தாண்டாது. அந்த நேரத்தில் கூரை தூண்களின் மேல் உட்கார்ந்திருக்கவில்லை. போல்ட்டுகள்தான் அதைக் கீழே பிடித்து இழுத்துக்கொண்டிருக்கின்றன.

ஆக, ‘கூரை போய்விட்டது’ என்று நாம் சொல்கிற பல இடங்களில் முதலில் போனது ஷட்டர். ‘தானே’க்குப் பிறகு உங்கள் ஊர்ப் பக்கம் பத்துப் பன்னிரண்டு குடோன்களை ஏறி இறங்கிப் பார்த்தேன். ஒரு உர குடோனில், ஷட்டரின் பட்டிகள், அவை ஏறி இறங்கும் பக்கவாட்டு சேனலிலிருந்து நழுவி, உள்ளே இருபது அடி தள்ளிச் சுருண்டு கிடந்தன. சேனல் மட்டும் சுவரில் அப்படியே இருந்தது, ஒரு கீறல் இல்லை. பட்டி நடுவில் வளைந்ததில் இரண்டு முனைகளும் சேனலை விட்டு வெளியே வந்துவிட்டன, அவ்வளவுதான். அதே கட்டடத்தின் மறுபக்கம் 6 அடி ஷட்டர் ஒன்று இருந்தது. அது நின்றது. அகலம்தான் வித்தியாசம்.

உங்கள் ஷட்டர் ஒவ்வொன்றும் 240 சதுர அடி. கணக்குப்படி அதன் மேல் மூன்றே கால் டன்னுக்கு மேல் விசை வரும். ஒரு கோயில் யானை முழு எடையோடும் ஷட்டரில் சாய்ந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 20 அடி நீளத்துக்கு மெல்லிய தகட்டுப் பட்டி அதைத் தாங்காது. நடுவில் ஊன்றுகோல் வேண்டும்.

முதல் செலவு இதற்குத்தான். ஒவ்வொரு ஷட்டருக்கும் உள்பக்கம் இரண்டு கழற்றி மாட்டும் தூண்கள். 20 அடி அகலம் மூன்று பாகமாகி, ஒவ்வொன்றும் ஏழு அடிக்குள் வந்துவிடும். நாலங்குலச் சதுர பாக்ஸ் பைப், 4 மி.மீ. தடிமன், உங்கள் 12 அடி உயரத்துக்குப் போதுமானதாக வருகிறது. கீழே தரையில் கான்கிரீட் போட்டு ஒரு குழி சாக்கெட், அதற்கு மூடி. மேலே, வாசலுக்கு மேல் ஓடும் லிண்டல் பீமில் போல்ட் போட்ட பிராக்கெட். ஒவ்வொரு முனையிலும் அரை டன்னுக்கு மேல் விசை வரும் என்பதால் மேல் பிராக்கெட்டைச் செங்கல்லில் ரால் பிளக் வைத்து மாட்ட விடாதீர்கள். ஆர்.சி.சி. பீமில் ஆங்கர் போல்ட்தான். காற்று ஷட்டரை உள்ளே தள்ளும். திசை மாறினால் வெளியேயும் இழுக்கும். எனவே பட்டிகளைத் தூணோடு பிடித்துக் கட்டக் கொக்கிகளும் வேண்டும். பக்கவாட்டு சேனல்களை ஆழமானதாக மாற்றி, பட்டி முனைகளில் கிளிப் வைக்கச் சொல்லுங்கள். ஷட்டர் கடைக்காரர்களிடம் ‘விண்ட் லாக்’ என்று கேட்டால் தெரியும். தூண்களை மாட்டிக் கழற்ற உங்கள் கடைப் பையன்கள் இருவருக்குப் பழக்கிவிடுங்கள். புரட்டாசியில் ஒரு தரம் மாட்டிப் பாருங்கள். புயல் அறிவித்த அன்று சாக்கெட்டில் மண் அடைத்துக் கிடந்தால் எல்லாம் வீண்.

இரண்டாவது செலவு கூரையின் ஓரங்களுக்கு. கூரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இழுபடுவதில்லை. மூலைகள், தாழ்வாரம், முகடு, இரண்டு முனைகள் ஆகிய இடங்களில் இழுவை நடுப்பகுதியைப் போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்குகூட இருக்கும். உரிவது ஓரத்தில் தொடங்கும், பிறகு வாழைப்பட்டை மாதிரி மளமளவென்று வரும். உங்கள் 40 அடி அகலத்துக்கு, ஓரத்திலிருந்து 6 அடி உள்ளே வரை ஆபத்தான பகுதி. அங்கே ஷீட்டின் ஒவ்வொரு மேட்டிலும், ஒவ்வொரு பர்லினிலும் ஸ்க்ரூ இருக்க வேண்டும். ஒன்று விட்டு ஒன்று போட்டிருந்தால் போதாது. தாழ்வாரத்தை ஒட்டிய பர்லினில் ஷீட்டின் மேல் இரும்புப் பட்டை ஒன்றை நீளவாக்கில் ஓடவிட்டு, ஷீட்டைத் துளைத்துப் பர்லினோடு போல்ட் போட்டுவிட்டால் இன்னும் உறுதி.

பழைய ஸ்க்ரூக்களை நம்ப வேண்டாம். பத்து வருஷத்துக்கு மேல் உப்புக் காற்று தின்றவை அவை. அந்த உர குடோனில் கீழே கிடந்த ஒரு ஷீட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஸ்க்ரூத் துளை வட்டமாக இல்லை, முட்டை வடிவத்தில் இழுபட்டிருந்தது. என் சுண்டுவிரல் அதில் நுழைந்தது. விளிம்பெல்லாம் நட்சத்திரம் மாதிரி வெடிப்பு. ஸ்க்ரூ உடையவில்லை, பர்லினிலேயே நின்றுகொண்டிருந்தது. அதன் தலையைத் தாண்டி ஷீட் மட்டும் வெளியே வந்துவிட்டது. மணிக்கணக்காகப் படபடவென்று அடித்துக்கொள்ளும்போது மெல்லிய தகடு துளையைச் சுற்றிக் களைத்து வெடிக்கிறது. 1974 கிறிஸ்துமஸ் அன்று ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை ‘ட்ரேசி’ புயல் சிதைத்தபோது, பொறியாளர்கள் கண்டுபிடித்த முக்கியமான காரணங்களில் இதுவும் ஒன்று. பரிகாரம் எளிது: ஸ்க்ரூத் தலைக்குக் கீழே அகலமான வாஷர். கறுப்பு ரப்பர் வாஷர் மழைநீரைத் தடுக்கும், அவ்வளவே. ஷீட்டைப் பிடித்து நிறுத்த, மேட்டின் வடிவத்துக்கு வளைந்த பெரிய உலோக வாஷர் வேண்டும்.

உங்கள் கூரையில் எங்கே தளர்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஆடி மாதத்தைப் பயன்படுத்துங்கள். காற்று பலமாக இருக்கிற ஒரு சாயங்காலம் குடோனுக்குள் நின்று காது கொடுங்கள். டக் டக் என்று அடிக்கிற இடத்தில் சாக்பீஸால் கீழே தரையில் ஒரு குறி போடுங்கள். மறுநாள் அந்தக் குறிக்கு நேர் மேலே ஆளை ஏற்றுங்கள்.

மூன்றாவது, ட்ரஸ்ஸின் கால். செலவு குறைவு, ஆனால் யாரும் பார்க்காத இடம். ஷீட் ஸ்க்ரூவை, ஸ்க்ரூ பர்லினை, பர்லின் கிளீட்டை (பர்லினை ட்ரஸ்ஸோடு இணைக்கும் இரும்புத் துண்டு), கிளீட் ட்ரஸ்ஸை, ட்ரஸ் தூணைப் பிடித்திருக்க வேண்டும். இதில் ஒரு கண்ணி விட்டாலும் மேலே உள்ளதெல்லாம் மொத்தமாகக் கிளம்பிவிடும். ஷீட்டை மட்டும் பலப்படுத்திவிட்டு, பர்லினோடு சேர்ந்து பறந்துபோன கூரைகளையும் பார்த்திருக்கிறேன். கிளீட்டில் பொட்டு வைத்தது போல இரண்டு இடத்தில் வெல்டிங், அவ்வளவுதான் போட்டிருந்தார்கள். ஏணி போட்டு ஏறி, தூண் தலையில் பேஸ் பிளேட்டின் போல்ட் நட்டுகள் இருக்கின்றனவா, துரு பொரிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு தூணையும் செல்போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

மணல் மூட்டை விஷயம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம், 50 கிலோ மூட்டை எம்மாத்திரம்? மேலே சொன்ன கணக்கில் ஒரு சதுர மீட்டருக்கு நான்கு மூட்டையாவது வேண்டும். உங்கள் கூரைக்கு ஏறக்குறைய 1,200 மூட்டை, அறுபது டன். புயல் வருவதற்கு முன்பே ட்ரஸ் உட்கார்ந்துவிடும். நாலைந்து மூட்டை வைப்பதில் பயன் இல்லை. மூட்டை நனைந்து கிழிந்தால் மணல் தண்ணீர் போகும் வழியை அடைக்கும், ஏறி இறங்குகிறவர்களின் கால் பட்டு ஷீட் நசுங்கும்.

அந்த மூட்டைகளை ஷட்டர் வாசலில் அடுக்குங்கள். தண்ணீருக்கு அவை உதவும். காற்று போன பிறகும் வெள்ளம் வரலாம் என்பதை ஃபெஞ்சல் உங்களுக்குக் காட்டியிருக்கும்: சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் ஓடி வந்து கடலூர்ப் பகுதிகளில் புகுந்தபோது புயல் கரை ஏறி முடிந்திருந்தது. எனவே வானம் வெளுத்ததும் சரக்கைக் கீழே இறக்கிவிடாதீர்கள். அடி ரேக்கில் எப்போதும் பாலியெஸ்டர் வகையை வையுங்கள், பட்டு மேலே போகட்டும். தரையில் பேல் வைப்பதாக இருந்தால் மரப் பலகை மேல்தான்.

கடைப் பகுதிக்குக் கான்கிரீட் தளம் இருப்பதால் எனக்குக் கவலை குறைவு. மாடியில் தண்ணீர் வெளியேறும் துளைகளைப் பாருங்கள். ஒரு பாலிதீன் பை போதும் அடைக்க. நான்கு அங்குலம் தண்ணீர் நின்றால் ஒரு சதுர மீட்டருக்கு நூறு கிலோ. பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி இருந்தால் நிரப்பி வையுங்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன். காலித் தொட்டி அடுத்த தெருவில் கிடக்கும். கண்ணாடிக்குக் குறுக்கே டேப் ஒட்டுவது எதையும் தடுக்காது. கண்ணாடியை உடைப்பது பெரும்பாலும் பறந்து வருகிற பொருள்தான். அளவு எடுத்து, எண் போட்டு வெட்டிய 18 மி.மீ. பிளைவுட் பலகைகளும், அவற்றை மாட்டச் சுவரிலேயே பதித்த போல்ட்டுகளும் ஒரே தரம் செய்து வைத்தால் பல வருஷம் வரும். உங்கள் பெயர்ப் பலகை ஃபிளெக்ஸ் என்றால், புயலுக்கு முதல் நாள் துணியைக் கத்தியால் அறுத்து எடுத்துவிடுங்கள். சட்டம் மட்டும் நின்றால் காற்று ஊடே போய்விடும். எதிர்க் கடைக்காரரையும் அதையே செய்யச் சொல்லிக் கேளுங்கள். அவர் பலகைதான் உங்கள் கண்ணாடிக்கு எமன்.

மின்சாரத்துக்கு ஒரே வரி: கடையை மூடும்போது மெயினை அணையுங்கள், தண்ணீர் வடிந்த பிறகு எலெக்ட்ரீஷியன் பார்க்காமல் போடாதீர்கள்.

காப்பீட்டை இப்போதே எடுத்துப் பாருங்கள். கட்டடம், சரக்கு, சாமான் எல்லாம் சேர்த்து மொத்த மதிப்பு ஐந்து கோடிக்குள் இருந்தால் ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற பாலிசி உங்களுக்குப் பொருந்தும். 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. புயலும் வெள்ளமும் அதில் அடக்கம். தீபாவளிக்கு முன் குடோனில் இருக்கிற சரக்கின் மதிப்பை வைத்துத் தொகையைச் சொல்லுங்கள், வைகாசி மாதத்துச் சரக்கை வைத்து அல்ல. அதிகமாகக் குறைத்துக் காட்டியிருந்தால் இழப்பீடும் குறையும். புயல் சின்னம் செய்தியில் வந்த பிறகு புது பாலிசிக்கு அலைந்து பயனில்லை.

இன்னும் ஒன்று. நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை, ஆனால் இத்தனை பெரிய குடோனுக்கு இரவுக் காவலாளி ஒருவர் இருப்பார் என்று நினைக்கிறேன். புயல் அறிவித்த அன்று அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சரக்கைப் பார்த்துக்கொள் என்று சொல்லி ஷீட் கூரைக்குக் கீழே ஒரு மனிதரை விட்டு வைக்கக் கூடாது. ‘தானே’ அடித்த காலையில் ஒரு குடோன் காவலாளி, கூரை கிளம்புகிற சத்தம் கேட்டு, மூலையில் இருந்த நாலடிக் கழிப்பறைக்குள் ஓடிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்கு மட்டும்தான் கான்கிரீட் தளம். காற்று ஓய்ந்து அவர் வெளியே வந்தபோது சுற்றிலும் வெறும் தூண்கள். மூன்று நாள் கழித்து நான் போனபோதும் அந்தக் கதவின் தாழ்ப்பாளைக் காட்டி, “இதைத்தான் சார் ரெண்டு கையாலயும் புடிச்சிட்டிருந்தேன்” என்றார். தாழ்ப்பாள் வளைந்திருந்தது. அவர் வீடும் ஓலைக் குடிசை என்றால், குடும்பத்தோடு உங்கள் கடையின் கான்கிரீட் பகுதியில், தண்ணீர் ஏறாத உயரத்தில் தங்க இடம் கொடுங்கள், அல்லது அரசு முகாமுக்கு அனுப்பி வையுங்கள்.

தூண்களுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன், லிண்டல் பீமின் அகலமும் ட்ரஸ் கால்களும் தெரிகிற படங்களை உங்கள் ஊர்க் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். பீம் தாங்காது என்று அவர் சொன்னால் தூணின் மேல் முனையைப் பக்கத்துக் கான்கிரீட் தூண்களுக்கு ஒரு குறுக்கு ஐ-பீம் போட்டுக் கட்ட வேண்டியிருக்கும். அப்போதும் ஷட்டரும் ஓர ஸ்க்ரூக்களும் உங்கள் தொகைக்குள் முடிய வாய்ப்பு அதிகம். பணம் பற்றவில்லை என்றால் கடல் பக்கம், மேற்குப் பக்கம் இரண்டு ஷட்டர்களையும் இந்த வருஷம் முடித்துவிட்டு, ஸ்க்ரூக்களில் நான்கு மூலைகளை மட்டும் செய்யுங்கள். ஐப்பசி மழை தொடங்கினால் கூரையில் ஆள் ஏறுவது ஆபத்து. ஆவணிக்குள் ஆட்களைப் பிடியுங்கள்.